9-ஆவது அலைனர் செட்டில் ஒரு பல் மட்டும் அடம்பிடிக்கிறது, அடுத்த செட்டுக்குப் போகலாமா?

தாழ்வாரம் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது 32. பதின்மூன்று வயதில் கிளிப் போட்டு இரண்டு வருஷம் அவஸ்தைப்பட்டேன். கழற்றியதும், பல் திரும்ப நகராமல் பிடித்து வைக்கக் கொடுத்த ரீடெய்னரை ஆறு மாதம்கூட ஒழுங்காகப் போடவில்லை, அப்புறம் அது எங்கே போனது என்றே தெரியாது. பற்கள் சும்மா இருக்குமா? மெதுவாக நடந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டன. முழுக்க இல்லை, ஆனால் மேல்வரிசையில் வலது பக்கம், பெரிய முன்பல்லுக்கு அடுத்த சின்னப் பல் நன்றாகத் திரும்பி உள்ளே ஒதுங்கி நிற்கிறது. போட்டோ எடுக்கும்போது அந்தப் பக்கத்தை மறைத்தே சிரித்துப் பழகிவிட்டேன்.

இப்போது அலைனர், அதாவது பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும், கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை, போட்டிருக்கிறேன். மொத்தம் 24 செட், 10 நாளுக்கு ஒன்று. 6-ஆவது வரை ஒரு குறையும் இல்லை. போட்டதும் டக்கென்று உட்காரும், முதல் நாள் இறுக்கும், மூன்றாம் நாள் வாயில் இருப்பதே மறந்துபோகும். 7-ஆவதிலிருந்துதான் வம்பு. மற்ற எல்லாப் பல்லும் ஒழுங்காக உட்கார்கிறது, அந்தச் சின்னப் பல்லின் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் மட்டும் ஒரு இடைவெளி. கண்ணாடி முன் டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கே எச்சில் குமிழி ஒன்று மாட்டிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுகிறது. 7-இல் நூல் அளவு இருந்தது, 8-இல் கொஞ்சம் கூடியது, இப்போது 9-ஐப் போட்டு நான்கு நாள் ஆகிறது, ஒரு நகத்தின் கனம் இருக்கும்.

கிளினிக்குக்குப் போட்டோ அனுப்பினேன். "நன்றாகக் கடித்து உட்கார வையுங்கள், தேதிப்படி மாற்றுங்கள்" என்று ஒரு வரிப் பதில். அடுத்து நேரில் போக இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஆப்பில் எல்லாம் பச்சையாக, சரியாகப் போகிறது என்று காட்டுகிறது. (அது தேதியைத்தான் எண்ணுகிறது, என் வாயைப் பார்ப்பதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.)

மேலே போகலாமா, இதிலேயே நிற்கலாமா? இத்தனைக்கும் பிறகு மறுபடி கிளிப் என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் போடுகிறேன். ஏறக்குறைய.


பகல்கனா எழுதியது:

எனக்கும் 5-ஆவதில் இப்படி ஆனது. கவலையே வேண்டாம், அடுத்தடுத்த செட் தானே இழுத்துக்கொண்டு வந்துவிடும். டாக்டர் சொன்னபடி செய்யுங்கள்.


மூன்றாம்சுற்று எழுதியது:

பகல்கனா, உங்களுக்கு வந்துவிட்டது, சந்தோஷம். நானும் அப்படி நம்பி நான்கு செட் மேலே போனவன், அதனால்தான் இந்தப் பெயர். முதல் சுற்று 30 செட், அதில் பிசகியதைச் சரிசெய்ய 14, அதிலும் மிச்சம் இருந்ததற்கு இன்னொரு 8. கடைசியில் பல் நேரானது, ஆனால் ஒரு வருஷத்தில் முடியவேண்டியது இரண்டரை வருஷம் ஆனது.

தாழ்வாரம், உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது "ஏறக்குறைய" என்ற அந்த ஒற்றைச் சொல். நானும் டாக்டரிடம் 20 மணி நேரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் விளையாட்டாகப் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, வாயிலிருந்து எடுத்த நேரத்தை மட்டும் கணக்கெடுத்தேன். சாப்பாட்டுக்கு 20 நிமிடம் என்று நினைத்தது, சாப்பிட்டு, பேசி, கை கழுவி, பல் தேய்த்து, டப்பாவைத் தேடி மறுபடி போடும்போது 55 நிமிடம். இதுபோல் மூன்று வேளை. நடுவில் சூடாக எதையாவது குடிக்க இரண்டு தடவை, அதிலும் குடித்து முடித்த பிறகு உடனே போடாமல் உட்கார்ந்திருப்பேன். முக்கியமான ஒரு போன் பேச எடுத்து வைத்தால் அதோடு ஒரு மணி நேரம் போச்சு. கூட்டிப் பார்த்தால் நான் போட்டது 17 மணி நேரம்கூட இல்லை. பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை, நிஜமாகவே 20 என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பொதுவாகச் சொல்வது 20 முதல் 22 மணி நேரம். அதாவது மொத்தமாக வெளியே இருக்கலாம் என்பதே இரண்டு மணி நேரம், தாராளமாக வைத்தால் நான்கு. நீங்களும் ஒரு மூன்று நாள் எடுத்த நேரத்தை மட்டும் குறித்துப் பாருங்கள், போட்ட நேரத்தைக் குறிக்காதீர்கள், அதில்தான் மனம் ஏமாற்றும்.

இன்னொன்று, கடிப்பதற்கு ரப்பர் உருளை தந்தார்களா? சூயி என்பார்கள், சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. அதை அந்தப் பல்லுக்கு நேராக வைத்து ஐந்து ஐந்து விநாடி அழுத்திக் கடித்து விடவேண்டும், ஒவ்வொரு முறை போடும்போதும் சில நிமிடம். சும்மா மென்றால் போதாது. இடைவெளி சின்னதாக இருந்தால் இதிலேயே மூடிவிடும். நகத்தின் கனம் என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம், கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: பழைய செட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கடைசி மூன்றையாவது கழுவிக் காயவைத்து வையுங்கள். ஒருநாள் சாப்பிடும்போது என்னுடையதைப் பேப்பர் நாப்கினில் சுற்றி மேசையில் வைத்து, நானே அதைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். குப்பைத் தொட்டியில் முழங்கை வரை விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. முந்தைய செட் கையில் இருந்ததால் தப்பித்தேன்.


வேர்வரை எழுதியது:

நான் பல் மருத்துவம் பார்ப்பவன், ஆனால் உங்கள் பல்லைப் பார்க்காதவன், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. அந்தச் சின்னப் பல்லின் முன்பக்கத்தில், பல் நிறத்திலேயே ஒரு சிறு மேடு ஒட்டியிருப்பார்கள், அட்டாச்மென்ட் என்பது. அது இன்னும் இருக்கிறதா? நாக்கால் தடவிப் பார்த்தால் போதாது, அலைனரைக் கழற்றிவிட்டு நகத்தால் மேலிருந்து கீழ் இழுத்துப் பாருங்கள். பக்கத்துப் பல்லில் நகம் தட்டும், இதில் வழுக்கிக்கொண்டு போனால் மேடு விழுந்துவிட்டது என்று அர்த்தம். பலருக்கும் விழுந்ததே தெரியாது, சாப்பாட்டோடு போய்விடும்.

ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் சொல்லும் அந்தப் பல், மேல்வரிசையின் பக்கவாட்டு வெட்டுப்பல், அலைனரில் அதிகமாகப் பின்தங்கும் பற்களில் ஒன்று. சின்னது, வழவழப்பானது, பிளாஸ்டிக் பிடித்துக்கொள்ள அதில் மூலை முடுக்கு இல்லை. திருப்பவேண்டும், அதோடு கொஞ்சம் கீழே இறக்கவும் வேண்டும் என்றால் பிடிமானம் இல்லாமல் நடக்காது. ஈரமான விதையை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், திரும்பாது, வழுக்கி மேலே ஓடும். மேடு இல்லாத பல்லும் அப்படித்தான், பிளாஸ்டிக் அதைத் திருப்பப் பார்க்கும், அது ஈறுப் பக்கமாக நழுவும். கண்ணாடியில் நீங்கள் பார்க்கும் இடைவெளி பெரும்பாலும் இதுதான்.

அடுத்ததுக்குப் போகலாமா என்பதற்கு: ஒவ்வொரு செட்டும் ஒரு பல்லை அதிகபட்சம் 0.25 மில்லிமீட்டர் அளவில்தான் நகர்த்தும்படி செய்யப்படுகிறது. 9-ஆவது செட், 8-ஆவது தன் வேலையை முடித்துவிட்டது என்று நம்பிச் செய்தது. உங்கள் பல் நிற்பதோ கிட்டத்தட்ட 7-க்கு முன்னால். 10, 11 என்று போகப் போக அந்தப் பல்லுக்கென்று செய்த குழி பல்லை விட்டு விலகிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் மொத்த அலைனரும் அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ளும், ஒழுங்காக வந்துகொண்டிருந்த பக்கத்துப் பற்களும் கெடும். இடைவெளி குறைகிறது என்றால் காத்திருக்கலாம். மூன்று செட்டாக வளர்கிறது என்றால் தேதிப்படி மாற்றுவதில் அர்த்தமில்லை. 9-ஐ மாற்றாமல் அதையே போட்டுக்கொண்டு கிளினிக்கை அழைத்து, ஐந்து வாரம் காத்திருக்க முடியாது, இந்த வாரமே ஒருவர் நேரில் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். போட்டோ அனுப்பும்போது அலைனரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று, அந்தப் பல்லுக்கு நேராகக் கிட்டத்திலிருந்து எடுங்கள். முழுச் சிரிப்பைத் தூரத்திலிருந்து எடுத்து அனுப்பினால் யார் பார்த்தாலும் ஒரு வரிப் பதில்தான் வரும்.

மணி நேரக் கணக்கைப் பற்றி மூன்றாம்சுற்று சொன்னதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல் எலும்பில் ஆணி அடித்தது மாதிரி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது, பல் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அழுத்தம் விழும் பக்கம் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்யும், இழுபடும் பக்கம் புது எலும்பு கட்டும் செல்கள். இரண்டும் அழுத்தம் விடாமல் இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும். கழற்றி வைத்த நேரத்தில் பல் சும்மா நிற்காது, வந்த வழியே கொஞ்சம் திரும்பும், மறுபடி போடும்போது பாதி நேரம் விட்டதைப் பிடிக்கவே போகிறது. 16 மணி நேரம் போடுகிறவருக்கும் 22 மணி நேரம் போடுகிறவருக்கும் 10 நாளில் வித்தியாசம் 60 மணி நேரம். எட்டு செட்டுக்கு 480. முழுதாகப் போட்டிருந்தால் 22 நாளில் கிடைத்திருக்கும் வேலை அது.


கம்பிக்கட்சி எழுதியது:

இதெல்லாம் எதற்கு? நேராகக் கிளிப் போட்டிருந்தால் இந்தக் கணக்கே இல்லை. கழற்ற முடியாது, அதனால் ஏமாற்றவும் முடியாது. எனக்குக் கீழ்வரிசையில் கோரைப்பல் ஒன்று திரும்பியிருந்தது, 11 மாதம் அலைனர் போட்டேன், கம்ப்யூட்டரில் காட்டிய படத்தில் பல் அழகாகத் திரும்பிக்கொண்டே இருந்தது, என் வாயில் அசையவே இல்லை. கேட்டால் ஒத்துழைப்பு போதவில்லை என்று என் மேலேயே பழி. வேறு இடத்தில் கம்பி கட்டினேன், நான்கு மாதத்தில் முடிந்தது. அந்த மூன்று பரிமாணப் படம் விளம்பரம்தான், சிகிச்சை இல்லை. தபாலில் அச்செடுக்கும் பசையை அனுப்பி, டாக்டர் நேரில் பார்க்காமலே பல்லை நேராக்குகிறோம் என்று கிளம்பிய ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றது நினைவிருக்கிறதா?


வேர்வரை எழுதியது:

கம்பிக்கட்சி, கோபம் நியாயம்தான், பாதி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். திரையில் வரும் படம் திட்டம், பலன் இல்லை. இன்விசலைன் என்கிற அலைனரில் திட்டமிட்ட அசைவில் எவ்வளவு நிஜமாகவே வாயில் நடந்தது என்று அளந்த 2009 ஆய்வு ஒன்றில் சராசரி 41 சதவீதம் வந்தது, அதே வழியில் 2020-இல் மறுபடி அளந்தபோது 50 சதவீதம். கேட்டால் பகீரென்று இருக்கும். ஆனால் இது முதல் சுற்றை மட்டும் வைத்து எடுத்த கணக்கு. அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதல் சுற்று முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்து மிச்சத்துக்குப் புது செட் செய்வதைத் தோல்வியாக நினைப்பதில்லை, அது சிகிச்சையின் பகுதிதான். நோயாளியிடம் முதல் நாளே அதைச் சொல்லாததுதான் தப்பு.

எல்லா அசைவும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பல்லைச் சாய்ப்பது அலைனருக்குச் சுலபம், சின்ன இடைவெளிகளை மூடுவதும் லேசான நெரிசலை விரிப்பதும் நன்றாகவே வரும். கோரைப்பல், முன்கடைவாய்ப்பல் மாதிரி உருண்டையான பல்லைத் திருப்புவதும், பல்லைக் குழியிலிருந்து கீழே இறக்குவதும், நுனியை நிறுத்தி வேரை மட்டும் நகர்த்துவதும் கஷ்டம். உங்களுக்குக் கம்பியில் சீக்கிரம் முடிந்ததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் தாழ்வாரத்துக்கு உடனே முழுக் கிளிப் என்று போகத் தேவையில்லை. மேடு விழுந்திருந்தால் மறுபடி ஒட்டி இரண்டு செட் பின்னால் போகலாம். அதற்கும் வரவில்லை என்றால் பல்லில் சின்ன பட்டன் ஒட்டி, அலைனரோடு ரப்பர் வளையம் மாட்டி இழுக்கலாம். இடம் போதாமல் பக்கத்துப் பற்கள் இறுக்கிக்கொண்டிருந்தால் நடுவில் எனாமலை லேசாகச் சீவி வழிவிடவேண்டும், ஒரு இடுக்கில் 0.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாது, கூச்சமும் பெரிதாக இருக்காது. திட்டத்தில் அது இருந்து செய்ய மறந்திருந்தாலும் இதே கோளாறு வரும். அதையும் கேளுங்கள்: "7-ஆவது செட்டுக்கு முன்னால் சீவவேண்டும் என்று என் திட்டத்தில் இருக்கிறதா" என்று. கடைசி வழியாக அந்த நாலைந்து பல்லுக்கு மட்டும் சில மாதம் கம்பி, பிறகு மறுபடி அலைனர்.


மூன்றாம்சுற்று எழுதியது:

விளம்பரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது நண்பரே. பல்லைக் கழற்றிப் போடும் அச்சால் நகர்த்துவது நேற்று வந்ததில்லை, 1945-லேயே கெஸ்லிங் என்கிற அமெரிக்க மருத்துவர் ரப்பரில் அப்படி ஒன்று செய்தார், கிளிப் கழற்றியபின் மிச்சமிருக்கும் சின்னக் கோணலைச் சரிசெய்ய. ஒவ்வொரு அசைவுக்கும் பிளாஸ்டர் மாவில் வார்த்த பல்வரிசை மாதிரியில் பல்லை அறுத்து நகர்த்தி ஒட்டவேண்டும், யாருக்குப் பொறுமை இருக்கும்? கம்ப்யூட்டர் வந்ததும்தான் அது பிழைப்பானது. இன்விசலைன் நிறுவனத்தை 1997-இல் தொடங்கிய இருவரும், ஜியா சிஷ்டியும் கெல்சி வெர்த்தும், பல் மருத்துவர்களே இல்லை, ஸ்டான்ஃபோர்டில் எம்பிஏ படித்தவர்கள். சிஷ்டி பெரியவனான பிறகு கிளிப் போட்டுக் கழற்றியவர். ரீடெய்னரைச் சில நாள் போடாமல் விட்டால் பல் நகர்வதையும், திரும்பப் போட்டால் அது இழுத்து நேராக்குவதையும் பார்த்துத்தான் யோசனை வந்தது என்பார்கள்.

ரீடெய்னரைத் தொலைத்தவர்கள் எல்லோரும் நிறுவனம் தொடங்கவில்லை தாழ்வாரம், நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.


சாளரம் எழுதியது:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு முன்பல் நடுவே இடைவெளி. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வரும், ஒரு முன்பல் இம்பிளான்ட், எலும்பில் பதித்த செயற்கைப் பல். வீட்டுக்கே அனுப்பும் அலைனர் கிட் வாங்கி இரவில் மட்டும் போட்டால் போதும் என்று ஒரு இடத்தில் சொல்கிறார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள் டாக்டர்?


வேர்வரை எழுதியது:

சாளரம், வாங்காதீர்கள். மேலே சொன்ன நார்ப்படலம் இம்பிளான்ட்டுக்குக் கிடையாது, அது எலும்போடு நேராக ஒட்டிக்கொண்டது, எந்த அலைனரும் எந்தக் கம்பியும் அதை நகர்த்தாது. பக்கத்துப் பற்களை மட்டும்தான் நகர்த்தலாம், அதை வைத்துத்தான் திட்டமே போடவேண்டும். எக்ஸ்ரே இல்லாமல் இதைத் திட்டமிடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார். ரத்தம் வருவது அதைவிட முக்கியம். ஈறு நோய் இருக்கும்போது பல்லை நகர்த்தினால் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பும் சேர்ந்து குறையும், ஆடாத பல் ஆடும். பெரியவர்களுக்குப் புதிதாக விழும் இடைவெளி பல நேரம் ஈறு நோயின் அடையாளமே. முதலில் ஒரு பல் மருத்துவரிடம் ஈறின் ஆழத்தை அளந்து சுத்தம் செய்துகொள்ளுங்கள், பல்லை நேராக்குவது அப்புறம். தனிப் பதிவாகக் கேட்டால் விவரமாக எழுதுகிறேன், இங்கே தாழ்வாரத்தின் பல் காத்திருக்கிறது.


தாழ்வாரம் எழுதியது:

டாக்டர், மேடு இல்லை!

நீங்கள் சொன்ன மாதிரி நகத்தால் இழுத்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் கோரைப்பல்லில் தட்டுகிறது, அந்தப் பக்கம் பெரிய முன்பல்லில் தட்டுகிறது, இதில் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. 6-ஆவது செட்டைக் கழற்றும்போது ஒரு தடவை அந்தப் பக்கம் மட்டும் பிடித்து வேகமாக இழுத்தேன், க்ளுக் என்று ஒரு சத்தம் கேட்டது, பிளாஸ்டிக் சத்தம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்காகத்தான் இருக்கும்.

மூன்றாம்சுற்று, நீங்கள் சொன்ன ஸ்டாப்வாட்ச் வேலையையும் செய்தேன். நேற்று 7 மணி 40 நிமிடம் வெளியே இருந்திருக்கிறது. இன்று விழிப்போடு இருந்தும் 5 மணி 10 நிமிடம். வெட்கமாக இருக்கிறது. வேலையில் மாற்றி மாற்றிப் பேசவேண்டியிருக்கும், 'ச' வருகிற இடத்தில் எல்லாம் நாக்கு இடறுகிறதே என்று கழற்றி வைப்பேன், அதுதான் பெரிய ஓட்டை.


மூன்றாம்சுற்று எழுதியது:

அந்த 'ச' கழற்றக் கழற்றத்தான் போகாது. நான் வீட்டில் செய்தித்தாளைச் சத்தம் போட்டுப் படித்தேன், நாலைந்து நாளில் நாக்கு பழகிவிட்டது. கழற்றும்போது கடைவாய்ப் பக்கம் உள்ளிருந்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நெகிழ்த்தி, கடைசியில் முன்பக்கம் வாருங்கள். ஒரே பக்கம் இழுத்தால் மேடும் விழும், அலைனரிலும் கீறல் விடும்.


வேர்வரை எழுதியது:

காரணம் கிடைத்துவிட்டது, நல்லது. போனில் "அட்டாச்மென்ட் விழுந்துவிட்டது" என்றே சொல்லுங்கள், "சரியாக உட்காரவில்லை" என்று சொன்னால் கடித்து உட்கார வையுங்கள் என்றுதான் மறுபடி பதில் வரும். ஒட்டுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பழைய 6, 7 கையில் இருக்கிறதா? போகும்போது எடுத்துப்போங்கள், எதில் பல் முழுதாக உட்கார்கிறதோ அதிலிருந்து தொடங்கச் சொல்வார்கள்.

முடிந்த பிறகு என்ன என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உங்கள் 13 வயதுக் கிளிப் தோற்கவில்லை, ரீடெய்னர் இல்லாததால்தான் பல் திரும்பியது. திரும்பிய பல்லை நேராக்கினால் ஈறுக்குள் இருக்கும் நார்கள் முறுக்கிய ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கும், அவை புது இடத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும், சில நேரம் ஒரு வருஷத்துக்கும் மேல். இந்தப் பல்லுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒன்றை நிரந்தரமாக ஒட்டுவதும், மேலே இரவில் ரீடெய்னர் போடுவதும் இரண்டுமாகச் சேர்ந்து இருந்தால் நல்லது. எவ்வளவு நாள் என்று கேட்காதீர்கள். பல் வேண்டும் என்கிற வரை.


கம்பிக்கட்சி எழுதியது:

சரி, மேடு விழுந்ததை நானும் எதிர்பார்க்கவில்லை. என் கோரைப்பல்லிலும் விழுந்திருந்ததா என்று இப்போது யோசிக்கவேண்டியிருக்கிறது, யாரும் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் அதற்காகக் கட்சி மாறமாட்டேன்.


தாழ்வாரம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பாதியில் விட்டுப்போகிறவர்களை எனக்கே பிடிக்காது என்பதால்.

அட்டாச்மென்ட் விழுந்துவிட்டது என்று சொன்னதும் மறுநாளே வரச்சொன்னார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, போட்டோவில் தெரியவில்லை என்றார், மன்னிப்பு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மேட்டை ஒட்டி நீல விளக்கு அடித்தார்கள். பக்கத்து இடுக்கில் சீவவேண்டும் என்று திட்டத்தில் 8-ஆவது செட்டுக்கு இருந்திருக்கிறது, நேரில் வரும் நாள் அதற்குப் பிறகு விழுந்ததால் விட்டுப்போயிருக்கிறது. அதையும் செய்தார்கள். மணல்தாள் மாதிரி ஒரு பட்டையை இடுக்கில் விட்டு நாலு இழுப்பு, வலி இல்லை, சத்தம்தான் மண்டைக்குள் கேட்டது.

9, 8 இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள், உட்காரவில்லை. 7 கொஞ்சம் தூக்கியது. 6 டக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை இவ்வளவு ஆசையாகக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. ஆக 6-க்குத் திரும்பி, இனி 10 நாள் இல்லை, 14 நாள். கிட்டத்தட்ட நான்கு மாதம் தள்ளிப்போகிறது, போகட்டும். 6-ஐ முடித்துவிட்டு ஐந்து நாளாக 7 போட்டிருக்கிறேன். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது, நேற்று வெளியே இருந்தது 2 மணி 25 நிமிடம். வேலையில் கழற்றுவதே இல்லை, 'ச' இன்னும் லேசாகத் தடுக்குகிறது, யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். எச்சில் குமிழி இன்னும் இருக்கிறது, ஆனால் ஓட இடமில்லாமல் ஒரே மூலையில் நிற்கிறது.